பென்சில்வேனியாவில் ஃபயர் கம்பெனி நன்கொடை கேட்டுக் கவர் அனுப்புகிறதே, இது மோசடியா?

கேள்வி இதுதான்: சென்னையிலிருந்து வந்து பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊரில் வீடு வாங்கி நான்கு மாதம் ஆகிறது. ஊர்ப் பெயரோடு 'ஃபயர் கம்பெனி' என்று அச்சடித்த கடிதம் ஒன்று தபாலில் வந்திருக்கிறது. உள்ளே ஒரு கவர், அதில் 25, 50, 100 டாலர் என்று கட்டங்கள். தீயணைப்பு அரசாங்கத்தின் வேலைதானே, சொத்து வரி வேறு கட்டுகிறேனே, 'கம்பெனி' என்றால் தனியாரா, பணம் அனுப்பாவிட்டால் வீடு பற்றி எரியும்போது வராமல் இருந்துவிடுவார்களா?

முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில். வருவார்கள். நீங்கள் கவரைக் குப்பையில் போட்டிருந்தாலும் வருவார்கள், யார் கட்டினார் யார் கட்டவில்லை என்று வண்டி ஏறும்போது யாரும் பட்டியல் பார்ப்பதில்லை. கடிதம் அநேகமாக உண்மையானதுதான். சந்தேகம் இருந்தால் டவுன்ஷிப் (இங்கே உள்ளாட்சி அமைப்பின் பெயர்) அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, கவரில் இருக்கும் முகவரி சரிதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தீயணைப்பு வீரர்களின் பெயரைச் சொல்லிப் போனில் கிரெடிட் கார்டு எண் கேட்பவர்களை மட்டும் நம்பாதீர்கள், அதில் ஏமாற்று வேலை உண்டு.

'கம்பெனி' என்ற சொல்தான் நம்மைக் குழப்புகிறது. நம் காதுக்கு அது லாபம் பார்க்கிற இடம். இங்கே அதன் பழைய பொருள், ஒன்றுகூடிய ஆட்கள், ஒரு கூட்டம், அவ்வளவே. ராணுவத்தில் கம்பெனி என்கிறார்களே, அந்த மாதிரி. உங்கள் ஊர் ஃபயர் கம்பெனி அரசுத் துறை இல்லை, வியாபாரமும் இல்லை. ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு மன்றம். கட்டடமும் வண்டியும் பெரும்பாலும் அந்த மன்றத்துக்கே சொந்தம். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் உண்டு, தேர்தல் உண்டு, தேர்தல் முடிந்ததும் கோபித்துக்கொண்டு விலகுகிறவர்களும் உண்டு. தீயணைக்க வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. டவுன்ஷிப் ஏதோ கொஞ்சம் வரிப்பணத்தில் தரும். வெளிமாநிலக் காப்பீட்டு நிறுவனங்கள் இங்கே வசூலிக்கும் தீக்காப்பீட்டு பிரீமியத்தில் 2 சதவீத வரி இருக்கிறது, அது தீயணைப்பு வீரர்களின் நிவாரண சங்கங்களுக்குப் போகும். மீதிக்கு அந்தக் கவர், பிங்கோ, குலுக்கல், சிக்கன் பார்பெக்யூ, ஞாயிற்றுக்கிழமை காலை பான்கேக்.

நானும் இங்கே வந்த புதிதில் உங்களைப் போலத்தான் நினைத்தேன். நம் ஊரில் 101 அடித்தால் அரசாங்க வண்டி வரும், காக்கிச் சட்டை போட்ட ஆள் இறங்குவார், அவருக்கு மாதச் சம்பளம். அதே நினைப்பில் ஒரு சனிக்கிழமை சாம்பாருக்குத் தாளித்தேன். மிளகாய் வற்றல் கொஞ்சம் கருகிவிட்டது. நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியின் அலாரம் நேராகக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது. மேட்டில் இருக்கும் சைரன் ஊளையிட ஆரம்பித்தது. எட்டு நிமிடம் இருக்கும், கதவைத் தட்டியவர் பெரிய கோட்டுக்கும் பூட்ஸுக்கும் நடுவில் கட்டம் போட்ட பைஜாமா தெரிய நின்றுகொண்டிருந்தார். அவர் என் காருக்கு ஆயில் மாற்றுகிற மெக்கானிக். பின்னாலேயே வந்தவர் பள்ளி வேன் ஓட்டுகிற அம்மா. கமறலில் மூன்று பேரும் இருமினோம். ஜன்னலைத் திறந்துவிட்டு, கையடக்கக் கருவி ஒன்றால் சுவரெல்லாம் சூடு பார்த்துவிட்டு, அது என்ன பொடி, இவ்வளவு காரமாக இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த மாதம் வந்த கவரில் நான் 100-க்கு டிக் அடித்தேன், வெட்கத்தில்.

சரி, இது எங்கிருந்து வந்தது?

பிலடெல்பியாவிலிருந்து. 1730-ல் துறைமுகத்தையொட்டிய கிடங்குகளில் பெரிய தீ ஒன்று பிடித்தது, அணைக்க ஆளும் இல்லை கருவியும் இல்லை. அந்த ஊரில் அச்சுக்கூடம் வைத்துப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார் பெஞ்சமின் பிராங்க்ளின். 1735-ல் தன் பத்திரிகையிலேயே, யாரோ ஒரு வயதான ஊர்க்காரர் எழுதியதைப் போல, ஒரு கடிதம் போட்டார். அப்போது அவருக்கு வயது 29. அடுப்புத் தணலைத் திறந்த கரண்டியில் அள்ளிக்கொண்டு ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகாதீர்கள், மூடியுள்ள பாத்திரத்தில் கொண்டுபோங்கள், பலகை இடுக்கில் விழுந்த பொறி நள்ளிரவில்தான் தலைகாட்டும், அப்புறம் ஜன்னல் வழியாகக் குதிக்க வேண்டியிருக்கும் என்று அதில் இருந்தது. ஒரு அவுன்ஸ் தடுப்பு ஒரு பவுண்டு சிகிச்சைக்குச் சமம் என்று இன்றைக்கும் ஆங்கிலத்தில் எல்லோரும் சொல்லும் பழமொழி அந்தக் கடிதத்தில்தான் வருகிறது. இப்போது அதை மருத்துவர்கள் சர்க்கரை நோய்க்குச் சொல்கிறார்கள், அவர் சொன்னது அடுப்புத் தணலுக்கு.

அடுத்த ஆண்டு, 1736 டிசம்பர் 7-ம் தேதி, யூனியன் ஃபயர் கம்பெனி என்று ஒன்றை நண்பர்களோடு ஆரம்பித்தார். அதன் விதிகளைப் படித்தால் இன்றைய ஃபயர் கம்பெனியின் ஜாதகமே அதில் இருக்கிறது. ஒவ்வொரு உறுப்பினரும் சொந்தச் செலவில் தோல் வாளிகளும் கெட்டித் துணியில் தைத்த பைகளும் வைத்திருக்க வேண்டும். பையின் வாயில் சுருக்குக் கயிறு, வாளியிலும் பையிலும் அவரவர் பெயரின் முதலெழுத்து, கம்பெனிப் பெயர். வாளி தண்ணீருக்கு. பை எதற்கு? எரிகிற வீட்டுக்குள் நுழைந்து பாத்திரம், துணிமணி, பெட்டி எல்லாவற்றையும் அள்ளிப் போட்டு வெளியே கொண்டுவர. அந்தக் காலத்தில் வாளித் தண்ணீரால் ஒரு வீட்டைக் காப்பாற்ற முடியும் என்று யாரும் பெரிதாக நம்பவில்லை, சாமானையாவது காப்பாற்றலாம் என்ற கணக்கு. உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் வாசலில் நின்று, குழப்பத்தில் புகுந்து கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களைத் தடுக்க வேண்டும் என்பதும் ஏற்பாடு. பென்சில்வேனியாவில் விபத்து நடந்த இடங்களில் மஞ்சள் கோட்டு போட்டுக்கொண்டு போக்குவரத்தைத் திருப்பிவிடும் வயதானவர்களைப் பார்த்திருப்பீர்களே, 'ஃபயர் போலீஸ்' என்று முதுகில் எழுதியிருக்கும், போலீஸோ என்று நினைத்திருப்பீர்கள். அவர்களும் கம்பெனிக்காரர்கள்தான். எனக்கு அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் பிராங்க்ளினின் வாசல் காவல்காரர்கள் நினைவுக்கு வருவார்கள்.

விதிகளில் இன்னொன்று, மாதம் ஒருமுறை மாலையில் கூடிச் சாப்பிட்டுப் பேச வேண்டும். வராதவருக்கு அபராதம். அந்த அபராதக் காசில்தான் பம்பும் ஏணியும் கொக்கியும் வாங்கினார்கள். இதைப் பிராங்க்ளினே தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அதாவது சாப்பாட்டுக்கு வராதவன் பணத்தில் பம்பு! உங்கள் ஊர் கம்பெனி பார்பெக்யூ போட்டு வண்டி வாங்குகிறது என்றால் அது புதிதாகக் கண்டுபிடித்த தந்திரம் இல்லை, கிட்டத்தட்ட 290 ஆண்டுப் பழக்கம்.

பாஸ்டனில் அதற்கு முன்பே தீ சங்கங்கள் இருந்தன. ஆனால் அவை உறுப்பினர் வீட்டுச் சாமானை உறுப்பினர் காப்பாற்றும் ஏற்பாடு, ஏறக்குறைய நம் சீட்டுக் கம்பெனி மாதிரி, உள்ளே இருப்பவனுக்கு மட்டும் பலன். பிராங்க்ளினின் ஆட்கள் யார் வீடு எரிந்தாலும் போனார்கள். கூட்டம் அதிகமாகி இன்னும் பலர் சேர வந்தபோது, இங்கே இடமில்லை, நீங்களே தனியாக ஒன்று ஆரம்பியுங்கள் என்று அனுப்பிவைத்தார். அப்படிப் பிறந்தவைதான் ஃபெல்லோஷிப், ஹேண்ட்-இன்-ஹேண்ட், ஹார்ட்-இன்-ஹேண்ட், ஃபிரண்ட்ஷிப் என்று வரிசையாகக் கம்பெனிகள். பெயர்களைப் பாருங்கள், தோழமை, கைகோத்தல், நட்பு. நெருப்பு என்ற பேச்சே இல்லை.

இந்த முறை மற்ற குடியேற்றங்களுக்கும் பரவியது. வர்ஜீனியாவில் அலெக்சாண்ட்ரியா என்ற துறைமுக ஊரில் 1774-ல் ஒரு ஃபிரண்ட்ஷிப் கம்பெனி தொடங்கியது, அதன் 1855-ம் ஆண்டுக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். வாஷிங்டன் போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பார்க்கலாம். ஜார்ஜ் வாஷிங்டன் இந்தக் கம்பெனியில் உறுப்பினர், அவரே பம்பு வாங்கிக் கொடுத்தார் என்று ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஆதாரம் ஏதும் கிடையாது. நம் பக்கத்தில் பாண்டவர் வனவாசத்தில் வந்து தங்காத குன்று உண்டா? அந்த மாதிரி. ஆனால் அதே ஊரில் 1855 நவம்பரில் ஒரு பீங்கான் பாத்திரக் கடை எரிந்து, சுவர் சரிந்து ஏழு தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் இறந்தது நிஜம்.

ஒரு வதந்தியை இங்கேயே முடித்துவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்ட கேள்வியின் வேர் அங்கே இருக்கலாம். பழைய பிலடெல்பியா வீடுகளின் முகப்பில் ஈயத்தில் வார்த்த முத்திரை இருக்கும், நான்கு கைகள் ஒன்றையொன்று பிடித்தபடி ஒன்று, மரம் ஒன்று. அது காப்பீட்டு நிறுவனத்தின் அடையாளம். கைகள் போட்டது 1752-ல் தொடங்கிய நிறுவனம், பிராங்க்ளினுக்கு அதிலும் பங்கு உண்டு. முத்திரை இல்லாத வீடு எரிந்தால் தீயணைப்பு ஆட்கள் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புவார்கள் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சுவாரசியமாகச் சொல்வார்கள். அமெரிக்காவில் அப்படி நடந்ததற்கு வரலாற்று ஆய்வாளர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. லண்டனில் காப்பீட்டு நிறுவனங்களே தீயணைப்புப் படை வைத்திருந்தன, அந்தக் கதை கப்பலேறி இங்கே வந்துவிட்டது. கட்டணம் கட்டாததால் வீட்டை எரியவிட்ட சம்பவம் வேறு ஒன்று நிஜமாகவே இருக்கிறது, 2010-ல் டென்னசியில். நகர எல்லைக்கு வெளியே இருந்த ஒரு குடும்பம் ஆண்டுக் கட்டணம் 75 டாலர் கட்டவில்லை, சவுத் ஃபுல்டன் நகரத்தின் வண்டி வந்து, பணம் கட்டிய பக்கத்து நிலத்துக்குத் தீ பரவாமல் மட்டும் பார்த்துக்கொண்டது. நாடே திட்டியது. அது ஒரு நகராட்சித் துறை, உங்கள் ஊர் மாதிரி மன்றம் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

மன்றம் என்பதால் எல்லாம் தேன் என்று நினைக்க வேண்டாம். 1800-களில் நகரங்கள் பெருத்தன, கம்பெனிகளும் பெருத்தன. அப்போதைய நிலைமையைப் புரிந்துகொள்ள உங்களுக்கு நான் தரக்கூடிய ஒரே உவமை ரசிகர் மன்றம். சீருடை, கொடி, ஊர்வலம், பாட்டு, வண்டிக்குப் பொன்முலாம் பூசிப் படம் வரைவது, எதிர் மன்றத்தோடு அடிதடி, அங்கிருந்து அரசியல். நியூயார்க்கின் ஊழலுக்குப் பெயர்போன தலைவர் வில்லியம் ட்வீட் அமெரிக்கஸ் என்ஜின் கம்பெனியில் தலைமை வகித்துத்தான் மேலே வந்தார். அந்த வண்டியில் வரைந்திருந்த புலித் தலை பின்னாளில் அவருடைய கட்சிக் குழுவுக்கே சின்னமானது. முதலில் வந்து தண்ணீர் பாய்ச்சிய கம்பெனிக்குச் சன்மானம் கொடுக்கும் பழக்கம் பல இடங்களில் இருந்ததால், தெருமுனைத் தண்ணீர்க் குழாயை யார் பிடிப்பது என்று வெட்டுக்குத்து. வீடு ஒரு பக்கம் எரிந்துகொண்டிருக்கும்.

மன்றத்துக்கு உள்ளே யார், வெளியே யார் என்பதும் இருக்கிறதே. 1818-ல் பிலடெல்பியாவின் கறுப்பின மக்கள் சிலர் ஆப்பிரிக்கன் ஃபயர் அசோசியேஷன் என்று ஒன்று தொடங்கப் பார்த்தார்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகள் கூடி எதிர்த்தன, ஆரம்பிக்கும் முன்பே கைவிட வேண்டியதாயிற்று. 1838-ல் அடிமை ஒழிப்பு இயக்கத்தினர் பென்சில்வேனியா ஹால் என்று ஒரு கட்டடம் கட்டினார்கள், திறந்து நான்கு நாள் ஆவதற்குள் ஒரு கும்பல் வந்து தீ வைத்தது. தீயணைப்புக் கம்பெனிகள் வந்தன, பக்கத்துக் கட்டடங்கள் மேல் தண்ணீர் அடித்தன, ஹால் எரிந்து முடிந்தது. நட்பு, கைகோத்தல் என்ற பெயர்களை மேலே ரசித்துச் சொன்னேன், அதே ஊர்தான் இது.

அலுத்துப்போன நகரங்கள் வேறு வழி தேடின. சின்சினாட்டியில் 1851-ல் ஒரு தீயின்போது கம்பெனிகள் சண்டை போட்டுக்கொண்டது கடைசித் துரும்பு. உள்ளூரிலேயே ஒரு நீராவிப் பம்பு வண்டி செய்ய வைத்தார்கள், அதற்கு ஒரு நகரமன்ற உறுப்பினரின் பெயரால் 'அங்கிள் ஜோ ராஸ்' என்று பெயர். கைப்பம்பு என்றால் இரண்டு பக்கமும் நீளக் கழியைப் பிடித்து வரிசையாக ஆட்கள் ஏற்றி இறக்க வேண்டும், சில நிமிடத்தில் மூச்சு முட்டும், மாற்று ஆள் வேண்டும், ஆகவே கூட்டம் வேண்டும். கூட்டம் வேண்டும் என்பதால்தான் மன்றங்களுக்கு அவ்வளவு மவுசு. நீராவி வந்ததும் சில ஆட்கள் போதும் என்றாகிவிட்டது. 1853 ஏப்ரல் 1 முதல் சின்சினாட்டியில் சம்பளத் தீயணைப்புத் துறை. அங்கிருந்து ஒவ்வொரு நகரமாக மாறி, நியூயார்க் 1865, பிலடெல்பியா 1871. பிராங்க்ளினின் ஊரிலேயே அவர் வைத்த செடி பிடுங்கப்பட்டது.

சின்ன ஊர்களில் மட்டும் ஏன் நின்றது? முதலாவது காசு. மாதத்துக்கு நான்கு தடவை கூப்பிடுகிற ஊரில் இருபத்துநான்கு மணி நேரமும் ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்க முடியாது. இரண்டாவது, ஊருக்கு ஒரு கம்பெனிதான், சண்டை போட எதிராளி இல்லை. மூன்றாவதாக ஒன்று சொல்வேன், அந்தக் கூடம். ஃபயர் ஹால் என்பது அந்த ஊருக்குக் கல்யாண மண்டபம், வாக்குச்சாவடி, வெள்ளத்தில் தங்குமிடம், இறுதிச் சடங்கு முடிந்து சாப்பிடும் இடம், சில ஊர்களில் மதுக்கூடமும். என் மகளின் அரங்கேற்றத்துக்குப் பிறகு விருந்து வைத்ததே எங்கள் ஊர் ஃபயர் ஹாலில்தான். வாழை இலையை வண்டி நிறுத்தும் இடத்துக் குழாயில் கழுவினோம். சுவரில் 1900-களின் தொடக்கத்திலிருந்து தலைவர்களின் படங்கள். ஒரே குடும்பப் பெயர் நான்கு தலைமுறைக்குத் திரும்பத் திரும்ப வரும். கண்ணாடிப் பெட்டியில் ஒரு தோல் வாளி. தோல் காய்ந்து வளைந்து, ஒரு பக்கம் தையல் விட்டுப்போய், அடியில் இரண்டு எழுத்து மட்டும் மங்கலாகத் தெரிகிறது. யாருடையது என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை.

இந்த ஊர்க்காரர்கள் எதையெல்லாம் சந்திக்கிறார்கள் என்பதற்கு இரண்டு உதாரணம். ஷாங்க்ஸ்வில் என்று மேற்குப் பென்சில்வேனியாவில் ஒரு ஊர், 2000-ம் ஆண்டுக் கணக்குப்படி மக்கள்தொகை 245. நம் பக்கத்தில் ஒரே தெருவில் அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். 2001 செப்டம்பர் 11 காலை 10:03-க்கு, கடத்தப்பட்ட யுனைடெட் 93 விமானம் அந்த ஊருக்குப் பக்கத்தில், பழைய நிலக்கரிச் சுரங்கத்தை மூடிய நிலத்தில் விழுந்தது. முதலில் போனவர்களில் அந்த ஊரின் தன்னார்வக் கம்பெனிக்காரர்களும் உண்டு. காப்பாற்றுவதற்கு யாரும் உயிரோடு இல்லை. சில ஆண்டுகள் கழித்து நியூயார்க் தீயணைப்பு வீரர்கள் உலக வர்த்தக மையத்தின் இரும்புத் தூண் ஒன்றை மோட்டார் சைக்கிள் ஊர்வலமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள், அது இன்றும் அந்தச் சின்னத் தீயணைப்பு நிலையத்தின் வாசலில் நிற்கிறது.

இன்னொன்று டெக்சஸில், வெஸ்ட் என்ற ஊர். செக் நாட்டிலிருந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள், சுமார் 2,800 பேர், நெடுஞ்சாலையில் போகிறவர்கள் கொலாச்சே என்ற இனிப்பு ரொட்டிக்காக நிறுத்துகிற ஊர். 2013 ஏப்ரல் 17 இரவு ஏழரை மணி வாக்கில் உரக் கிடங்கில் தீ என்று தகவல். தன்னார்வலர்கள் போனார்கள். ஊரில் அன்று ஆம்புலன்ஸ் பணிக்கான வகுப்பு நடந்துகொண்டிருந்தது, அதிலிருந்த பக்கத்து ஊர்த் தன்னார்வலர்கள் சிலரும் எழுந்து ஓடினார்கள். உள்ளே மரத் தொட்டிகளில் அம்மோனியம் நைட்ரேட் டன் கணக்கில் இருந்தது. தகவல் வந்த இருபதே நிமிடத்தில், 7:51-க்கு, ஏறக்குறைய 30 டன் வெடித்தது. இறந்தவர்கள் 15 பேர், அதில் 12 பேர் தீயணைக்கவும் உதவவும் போனவர்கள். பள்ளிக்கூடம், முதியோர் இல்லம், அடுக்குமாடி எல்லாம் நொறுங்கின.

அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியம் 2016-ல் வெளியிட்ட அறிக்கையை ஒருமுறை படித்தேன், படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த உரம் சூட்டில் வெடிக்கும் என்ற பயிற்சி போனவர்களுக்குக் கிடைத்திருக்கவில்லை. கட்டடத்தில் தண்ணீர் தெளிப்பான் இல்லை. மாநிலத்துக்குப் பொதுவான தீப் பாதுகாப்பு விதிமுறை டெக்சஸில் கிடையாது. கிடங்கு நடத்தியவனுக்கும் அனுமதி கொடுத்தவனுக்கும் தெரிந்திருக்க வேண்டியதைத் தெரிந்துகொள்ளாமல், மாலைச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போன மனிதர்கள் இறந்தார்கள். தன்னார்வலர் என்றால் தியாகி என்று மாலை போட்டுவிட்டு நகர்கிறவர்களிடம் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். அவர்களுக்கு முதலில் தேவை பயிற்சியும் தகவலும்.

பயிற்சி என்றதும் இன்றைய பிரச்சினைக்கு வருகிறேன். முன்பெல்லாம் ஒரு மாலை பழகிவிட்டு மறுநாள் வண்டியில் ஏறலாம். இப்போது பென்சில்வேனியாவில் அடிப்படைப் பயிற்சியே 160 மணி நேரத்துக்கு மேல் போகிறது, அதுவும் சொந்த நேரத்தில். சுரங்கமும் ஆலையும் ஊரிலேயே இருந்த காலத்தில் சைரன் கேட்டதும் முதலாளி ஆட்களை விட்டுவிடுவார். இப்போது எல்லோரும் ஐம்பது மைல் தள்ளி வேலைக்குப் போகிறார்கள், அல்லது நம்மைப் போல ஊரில் தூங்குகிறார்கள், அவ்வளவே உறவு. பகல் பதினொரு மணிக்கு வீடு எரிந்தால் வண்டி இருக்கும், ஓட்ட ஆள் இருக்காது. அதனால்தான் ஒரு சின்ன அலாரத்துக்கும் மூன்று ஊர்க் கம்பெனிகளைச் சேர்த்துக் கூப்பிடுகிறார்கள், எல்லாவற்றிலிருந்தும் சேர்த்து நாலு பேர் தேறட்டும் என்று. 1970-களில் இந்த மாநிலத்தில் தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் சுமார் 3,00,000 பேர். 2018-ல் மாநில சட்டமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில் அது சுமார் 38,000. நாடு முழுவதும் எடுத்தால் 2020-ல் 10.4 லட்சம் தீயணைப்பு வீரர்களில் 6.77 லட்சம் பேர், அதாவது 65 சதவீதம், இன்னும் தன்னார்வலர்கள்தான். பெரிய நகரங்களைப் படத்தில் பார்த்துப் பழகிய நமக்கு இது நம்ப முடியாத கணக்கு.

செலவோ ஏறிக்கொண்டே போகிறது. தண்ணீர் பாய்ச்சும் பம்பு பொருத்திய புது வண்டி ஒன்று பத்து லட்சம் டாலரைத் தொடுகிறது. பத்து டாலர் சிக்கன் டிக்கெட்டில் பத்து லட்சம் தேற்ற எத்தனை கோழி வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பல ஊர்களில் பக்கத்துக் கம்பெனிகள் ஒன்றாக இணைகின்றன, சில இடங்களில் பகலுக்கு மட்டும் சம்பள ஆள் வைக்கிறார்கள். இணைப்பு என்றால் நம் ஊரில் இரண்டு தெருக்காரர்கள் ஒரே கோவில் திருவிழாவைச் சேர்ந்து நடத்துவது போலத்தான். வண்டியில் எந்த ஊர்ப் பெயர் முதலில் எழுதுவது என்பதிலேயே இரண்டு வருடம் போய்விடும்.

உங்கள் சொந்த லாபத்துக்கும் ஒன்று சொல்லவேண்டும். காப்பீட்டு நிறுவனங்களுக்காக ஐஎஸ்ஓ என்ற அமைப்பு (தரச் சான்றிதழ் ஐஎஸ்ஓ இல்லை, இது வேறு) ஒவ்வொரு பகுதியின் தீயணைப்பு வசதிக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் போடுகிறது, 1 நல்லது, 10 மோசம். உங்கள் ஊர்க் கம்பெனி மூடிவிட்டால் அந்த எண் ஏறும், வீட்டுக் காப்பீட்டு பிரீமியமும் பல நிறுவனங்களில் கூடவே ஏறும். கவரில் போடும் 50 டாலரைத் தானமாக நினைக்க மனம் வரவில்லை என்றால் இப்படிக் கணக்குப் பாருங்கள்.

சேர்வதைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நெருப்புக்குள் போகத்தான் வேண்டும் என்றில்லை. கணக்கு எழுத, இணையதளம் பார்க்க, நன்கொடை விண்ணப்பம் எழுத ஆள் இல்லாமல் தவிக்கிறார்கள், நம்மவர்கள் அலுவலகத்தில் தூக்கத்தில்கூடச் செய்கிற வேலை. நான் எட்டு வருடமாகக் கோடைத் திருவிழாவில் உருளைக்கிழங்கு வறுக்கிறேன், எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் என்னைத்தான் நிறுத்துகிறார்கள், அந்தத் தாளிப்பை யாரும் இன்னும் மறக்கவில்லை. பிள்ளைகளுக்கு 14 வயதிலிருந்து ஜூனியராகச் சேரலாம், பெற்றோர் கையெழுத்து வேண்டும், குழாய் சுருட்டுவதில் ஆரம்பிப்பார்கள்.

காரின் கண்ணாடிக்குப் பின்னால் நீல விளக்கு மின்னினால் அது நிலையத்துக்கு ஓடுகிற தன்னார்வலரின் சொந்த வண்டி, ஒதுங்கி வழிவிடுங்கள். அப்புறம், கவரோடு பார்பெக்யூ சீட்டும் வைத்திருப்பார்கள், பாருங்கள். வாங்கப் போவதாக இருந்தால் பதினொரு மணிக்குள் போய்விடுங்கள். எங்கள் ஊரில் பன்னிரண்டுக்கு மேல் போனால் உருளைக்கிழங்கு சாலட் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.